காற்றுக்கு இயந்திரம் வாங்குமுன்: புளோவரா, கொம்பிரசரா?

மீள்குடியேறிய கிராமங்களில் விவசாயச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் கூடுமிடத்து, "சங்கத்துக்கு ஒரு காத்தடிக்கிற மெசின் வாங்கினால் என்ன?" என்ற பேச்சு அடிக்கடி எழுகின்றது. நல்ல யோசனைதான். ஆனால் அதைச் சொல்பவர்கள் எல்லோரும் ஒரே இயந்திரத்தை மனதில் வைத்துச் சொல்வதில்லை. ஒருவர் களத்தில் நெல் தூற்றுவதை நினைக்கிறார். மற்றவர் சந்தியில் ரயருக்குக் காற்றடிப்பதை நினைக்கிறார். இன்னொருவரின் எண்ணம் மீன்குஞ்சுத் தடாகத்தின்மேல் இருக்கிறது. கூட்ட அறிக்கையிலோ "காற்று இயந்திரம் ஒன்று கொள்வனவு செய்தல்" என்று ஒரே வரியில் எழுதப்பட்டு விடுகின்றது.

கடைக்குப் போனால் இரண்டு வகை இயந்திரங்கள் பக்கம் பக்கமாக வைக்கப்பட்டிருக்கும். ஒன்று புளோவர், அதாவது காற்றூதி. மற்றது கொம்பிரசர், அதாவது வளியமுக்கி. இரண்டும் வெளியிலுள்ள காற்றை உள்ளிழுத்து ஒரு வாயினால் வெளியே தள்ளுகின்றன. இரண்டிலும் மோட்டர் உண்டு, இரண்டும் இரைகின்றன. ஆயினும் ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்யாது. செய்ய வைத்தாலும் பெரும் நட்டத்துடனேயே செய்யும்.

இந்தத் தெரிவு எமது மக்களுக்கு ஏன் முக்கியமானது? 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்கள், 1995 ஒக்ரோபரில் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்கள், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் உழவு இயந்திரத்தையும் நீர்ப்பம்பியையும் வழியிலே கைவிட்டு வந்தவர்கள் ஆகிய எல்லோருக்கும் பொதுவான நிலை ஒன்று உண்டு. இழந்த உபகரணங்களை மீண்டும் வாங்குவதற்கு அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வாய்ப்புத்தான். அது ஓர் உதவித் தொகையாக இருக்கலாம், சங்கத்தின் சுழற்சி நிதியாக இருக்கலாம், கடனாகவும் இருக்கலாம். கடன் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் அறிவோம். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியை 2018இல் அரசாங்கமே பொறுப்பேற்றுத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. பிழையான இயந்திரம் ஒன்று கொட்டிலின் மூலையில் துருப்பிடிக்கும்போதும் தவணைப் பணம் நிற்பதில்லை.

துருத்தியும் சைக்கிள் பம்மும்

இந்த இரண்டு இயந்திரங்களும் எமக்குப் புதியவையல்ல. அவற்றின் முன்னோரை நாம் சிறு வயது முதலே கண்டிருக்கிறோம்.

கொல்லனின் உலையிலுள்ள துருத்தி ஒரு புளோவர். அது ஏராளமான காற்றை மெதுவான அமுக்கத்துடன் கரிக்குள் தள்ளுகின்றது. துருத்தி வாயைக் கையால் பொத்தினால் காற்று எளிதில் நின்றுவிடும். ஆனால் அதன் ஓட்டம் அகலமானது, இடையறாதது.

சைக்கிள் பம் ஒரு கொம்பிரசர். ஒரு முறை அமுக்கும்போது வெளிவரும் காற்று மிகச் சிறிதளவே. ஆனால் அந்தச் சிறிதளவு காற்று நெருக்கப்பட்டு, பாரம் சுமந்து நிற்கும் ரியூப்பின் எதிர்ப்பையும் வென்று உள்ளே புகுகின்றது. பல தடவை அடித்தபின் பம்மின் அடிப்பகுதி கையைச் சுடுவதைக் கண்டிருப்பீர்கள். நாம் கொடுத்த உழைப்பில் ஒரு பங்கு வெப்பமாகி வீணாகும் இடம் அதுவே. மின்சாரக் கொம்பிரசரிலும் இதே வீணாக்கம் நடைபெறுகின்றது. ஆனால் அங்கே அதற்கான விலையை மின்பட்டியலில் கட்டுகிறோம்.

துருத்தியால் ரயருக்குக் காற்றடிக்க ஒருவரும் நினைப்பதில்லை. சைக்கிள் பம்மால் உலையை ஊதவும் எவரும் முயல்வதில்லை. மோட்டர் பூட்டிய இயந்திரங்களைக் காணும்போது மட்டும் இந்தத் தெளிவு எம்மைவிட்டுப் போய்விடுகின்றது.

கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

எந்தக் காற்று வேலைக்கும் முதலில் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். எவ்வளவு காற்று வேண்டும்? எவ்வளவு அமுக்கம் வேண்டும்? முதலாவதை நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் அல்லது மணித்தியாலத்துக்கு இத்தனை கன மீற்றர் என்று அளக்கின்றனர். இரண்டாவதைப் பார் என்ற அலகாலும், சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்றும் அளக்கின்றனர். ஒரு பார் என்பது ஏறத்தாழ 14.5 இறாத்தல்.

அமுக்கத்தை விளங்கிக்கொள்ள நீரின் ஆழம் நல்லதோர் அளவுகோல். 10 மீற்றர் ஆழ நீரின் அடியில் காற்றுக் குமிழி ஒன்றை வெளிவிட ஏறத்தாழ ஒரு பார் அமுக்கம் தேவை. ஒரு மீற்றர் ஆழத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

சாதாரண விசிறி வகைப் புளோவர்கள் சில அங்குல நீரின் ஆழத்துக்கு ஒப்பான அமுக்கத்தையே தரும். வளைய வடிவ அறைக்குள் சுழலி சுற்றும் வகை, ஒன்றிரண்டு மீற்றர் நீரை வெல்லக்கூடியது. எட்டு வடிவச் சுழலிகள் இரண்டு ஒன்றையொன்று தழுவிச் சுற்றும் வகையும் உண்டு. அமெரிக்காவின் இன்டியானா மாநிலத்தைச் சேர்ந்த றூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்றது அது. அவ்வகை ஏறத்தாழ ஒரு பார் வரையில் செல்லும். அதற்கு மேல் வேண்டுமானால் கொம்பிரசரே வழி. கராஜ்களில் காணும் ஆடுதண்டுக் கொம்பிரசர் 7, 8 பார், அதாவது 100 இறாத்தலுக்கு மேல் தருகின்றது.

ஆனால் அது தரும் காற்றின் அளவைப் பாருங்கள். ஒரு குதிரைவலு மோட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 லீற்றர், அவ்வளவுதான். காற்றைப் பலமாக நெருக்குவதற்கே மோட்டரின் வலு செலவாகி விடுகின்றது.

நெல் தூற்றலும் உலர்த்தலும்

சிறுபோக அறுவடையின்போது சோளகக் காற்று எமக்கு உதவுகின்றது. காலபோக நெல் களத்துக்கு வரும் தை, மாசி மாதங்களில் காற்றை நம்பியிருக்க முடிவதில்லை. சுளகைக் கையிற் பிடித்தபடி பெண்கள் காற்றுக்காகக் காத்திருப்பதுண்டு. தூற்றுவதற்கு வேண்டியது அகலமான, ஒரே சீரான, மென்மையான காற்று. சப்பியும் பதரும் பறக்க வேண்டும். நெல்மணி நேரே கீழே விழ வேண்டும். இது விசிறியின் வேலை. கொம்பிரசரின் குழாயிலிருந்து வருவது ஊசிபோன்ற காற்று. அது பட்ட இடத்தில் நெல்லும் சப்பியும் சேர்ந்தே சிதறும். படாத இடத்தில் ஒன்றும் அசையாது.

உலர்த்துவதில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகின்றது. நெல் வெட்டும் இயந்திரம் வந்தபின், ஈரம் குறையாத நெல் ஒரே நாளில் மலையாகக் குவிகின்றது. நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரத்தையே எதிர்பார்க்கின்றது. ஈரம் கூடிய நெல்லைத் தனியார் வியாபாரி தான் நினைத்த விலைக்குக் கேட்கிறார். அதனாலேயே தெருவோரமெங்கும் நெல்லைப் பரவி, மழை இருட்டும்போது ஓடி ஓடி அள்ளுகிறோம்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 1,000 கிலோ நெல்லை 22 வீத ஈரத்திலிருந்து 14 வீதத்துக்கு இறக்க, ஏறத்தாழ 93 கிலோ தண்ணீர் நெல்லைவிட்டு வெளியேற வேண்டும். ஒரு கன மீற்றர் காற்று தன்னோடு சில கிராம் நீரையே ஏந்திச் செல்லும். அதை 4 கிராம் என்று வைத்துக்கொண்டால், 23,000 கன மீற்றருக்கு மேற்பட்ட காற்று நெல்லினூடே செல்ல வேண்டும். 2 குதிரைவலுக் கொம்பிரசர் மணித்தியாலத்துக்கு 12 கன மீற்றர் தரும். இரவு பகலாக ஓடினாலும் அந்த வேலைக்கு ஏறத்தாழ 80 நாட்கள் செல்லும். அதற்குள் நெல் முளைத்துவிடும். அதே 2 குதிரைவலு மோட்டரைத் தகுந்த விசிறியிற் பூட்டி, துளைத்தட்டின்மேல் ஓர் அடி உயரத்துக்குப் பரவிய நெல்லினூடே காற்றைச் செலுத்தினால், ஒரு பகற்பொழுதளவில் வேலை முடியக்கூடும். காற்றைச் சற்றுச் சூடாக்க உமி அடுப்புப் போதும். விதைநெல்லாயின் காற்றின் சூடு 43 பாகை செல்சியஸைத் தாண்டலாகாது. தாண்டினால் முளைதிறன் கெடும்.

தடாகமும் குழாய்க்கிணறும்

இவை இரண்டும் நீரோடு தொடர்புடைய வேலைகள். எனினும் இரண்டுக்கும் ஒரே இயந்திரம் பொருந்தாது.

மீன்குஞ்சு வளர்க்கும் தடாகத்தில் விடியற்காலையிலேதான் ஒட்சிசன் மிகக் குறைகின்றது. குஞ்சுகள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அதன் அறிகுறி. ஒன்றரை மீற்றர் ஆழமுள்ள தடாகத்துக்குக் குழாயின் தடையையும் சேர்த்து 0.2 பார் அளவு அமுக்கம் போதும். நிமிடத்துக்கு 300 லீற்றர் காற்று வேண்டும் என்று கொள்வோம். பொருத்தமான சிறு புளோவர் ஏறத்தாழ கால் கிலோவாற்று மின்சாரத்தில் இதைச் செய்யும். இரவில் 10 மணித்தியாலம் ஓடினால் இரண்டரை அலகு செலவாகும். அதே காற்றைக் கொம்பிரசரால் கொடுக்க 3 குதிரைவலு வேண்டும். ஓரிரவுக்கு 22 அலகுக்கு மேல் செலவாகும். ஒரு மாதத்தில் 75 அலகு எங்கே, 660 அலகு எங்கே?

"கொம்பிரசரின் அமுக்கத்தைத் திருகிக் குறைத்து விடலாந்தானே?" என்று சிலர் கேட்பர். குறைக்கலாம். ஆனால் 7 பாருக்கு நெருக்குவதற்கான மின்சாரம் அதற்கு முன்னரே செலவாகிவிட்டது. தென்னைமரத்தின் உச்சிக்கு ஏற்றிய தண்ணீரை அடியிலுள்ள வாளியில் விடுவது போன்றது அது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் கூட்டப்பட்டது. அதன்பின் கட்டணம் இறங்கியும் ஏறியும் வந்துள்ளது. ஆகவே இயந்திரத்தின் விலையைவிட அதை ஓட்டும் செலவையே முதலிற் பார்க்க வேண்டியுள்ளது. மேலும், சிறு ஆடுதண்டுக் கொம்பிரசர்கள் ஓய்வின்றி ஓடுவதற்கென ஆக்கப்பட்டவையல்ல. இரவெல்லாம் ஓடவிட்டால் விரைவில் சூடேறித் தேய்ந்துவிடும்.

இனிக் குழாய்க்கிணற்றைப் பாருங்கள். பல வருடம் பாவிக்காமற் கிடந்து சேறும் மணலும் அடைத்த கிணற்றைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்வர். காற்றுக் குழாய் நீர்மட்டத்திலிருந்து 30 மீற்றர் கீழே இறங்கியிருந்தால், காற்று வெளியேறத் தொடங்குவதற்கே 3 பார் வேண்டும். எந்தப் புளோவராலும் அங்கே ஒரு குமிழியைத்தானும் விடமுடியாது. இது பெரிய டீசல் கொம்பிரசரின் வேலை. பத்து வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய அத்தேவைக்காகச் சங்கம் அதனை வாங்க வேண்டியதில்லை. வாடகைக்கு அமர்த்துவதே புத்தி.

கொம்பிரசருக்கே உரிய வேலைகள்

இவ்வளவும் வாசித்தபின் கொம்பிரசர் வீண் என்று எண்ணிவிடக் கூடாது. உழவு இயந்திரத்தின் பின்சில்லுக்கு 12 முதல் 20 இறாத்தல், மோட்டார் சைக்கிளுக்கு 30 இறாத்தல் அளவில், சைக்கிளுக்கு 40 முதல் 60 இறாத்தல், லொறிக்கு 100 இறாத்தல் அளவில் காற்று வேண்டும். இவற்றுக்கும் வர்ணம் விசிறுவதற்கும், இயந்திரப் பாகங்களின் நுண்துளைகளை ஊதுவதற்கும் கொம்பிரசரே வேண்டும். சந்தியில் 2 குதிரைவலுக் கொம்பிரசரும் ஒட்டுப்போடும் சாமான்களும் வைத்திருக்கும் ஓர் இளைஞர் அல்லது ஒரு குடும்பத் தலைவி நாள்தோறும் ஏதோ உழைக்கலாம். தூற்றும் புளோவரோ வருடத்தில் சில கிழமைகள் மட்டுமே ஓடும்; ஆனால் அந்தச் சில கிழமைகளிலும் முழுக் கிராமத்தின் விளைச்சலுக்கும் உதவும். ஒன்று ஒரு குடும்பத்தின் தொழில். மற்றது ஊரின் பொதுச்சொத்து. எவர் பெயரில், எந்த நிதியில் வாங்குவது என்ற கேள்விக்கும் இந்த வேறுபாட்டிலேயே விடை இருக்கின்றது.

கடையிற் கவனிக்க வேண்டியவை

புளோவரின் தகட்டில் "உச்சக் காற்று", "உச்ச அமுக்கம்" என இரண்டு எண்கள் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடையா. முதலாவது, வாய் முழுவதும் திறந்திருக்கும்போது உள்ளது. இரண்டாவது, வாய் அநேகமாக அடைபட்டிருக்கும்போது உள்ளது. எனவே, "எமக்கு வேண்டிய அமுக்கத்தில் எவ்வளவு காற்று வரும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லும் அட்டவணையைக் காட்டாத கடைக்காரரிடம் அவசரப்படாதீர்கள்.

கொம்பிரசரிலும் ஒரு மயக்கம் உண்டு. ஆடுதண்டு இழுக்கும் கொள்ளளவைச் சிலர் பெரிதாக எழுதிவைப்பர். குழாயால் உண்மையில் வெளிவரும் காற்று அதைவிடக் கணிசமாகக் குறைவு. அந்த இரண்டாவது எண்ணையே கேளுங்கள். பெரிய தாங்கியைப் பார்த்தும் மயங்க வேண்டாம். தாங்கி காற்றைச் சேமிக்குமே தவிர உண்டாக்காது.

மோட்டர் தொடங்கும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல் 5, 6 மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். நீண்ட மெல்லிய வயரில் இணைத்தால் மோட்டர் முனகும், பின்னர் எரியும். சிறிய ஜெனரேற்றரும் தாங்காது. வீட்டு இணைப்பு போதுமா என்று மின்னியலாளர் ஒருவரிடம் முதலிலேயே கேட்டறியுங்கள்.

உயிரைக் காக்க

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாம். இருப்பதைக் கொண்டு செய்துபார்க்கும் கெட்டித்தனம் எம்மிடம் உண்டு. ஆனால் அமுக்கப்பட்ட காற்றோடு அந்தக் கெட்டித்தனம் வேண்டாம். பழைய எரிவாயு உருளையை வெட்டி ஒட்டித் தாங்கியாக்காதீர்கள். நீருக்குப் பாவிக்கும் பி.வி.சி. குழாயைக் கொம்பிரசருக்குப் பூட்டாதீர்கள். அது வெடித்தால் கண்ணாடிச் சில்லுகள்போல் பறக்கும். தாங்கியின் அடியிலுள்ள திருகைத் தினமும் திறந்து, தேங்கிய நீரை வெளியேற்றுங்கள். விடாவிட்டால் தாங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பாதுகாப்பு வால்வை ஒருபோதும் கட்டி வைக்காதீர்கள். காற்றுக் குழாயைப் பிடித்து உடம்பிலுள்ள தூசியை ஊதுவதும், பிள்ளைகள் அதைக்கொண்டு விளையாடுவதும் உயிராபத்தானவை. காயத்தினூடே காற்று இரத்தத்திற் புகுந்தால் மரணமும் நேரலாம்.

ஒழுக்கும் ஒரு திருடன்தான். 7 பார் அமுக்கத்தில் ஒரு மில்லிமீற்றர்த் துளையினூடே நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 லீற்றர் காற்றுப் போகும். 2 குதிரைவலுக் கொம்பிரசரின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு அது. இணைப்புகளிற் சவர்க்கார நுரையைப் பூசினால் ஒழுக்குத் தெரியும்.

புளோவருக்கும் விதிகள் உண்டு. பெல்ற்றுக்கு மூடி போடுங்கள். சேலைத் தலைப்பும் தலைமுடியும் சிக்கும். தடாகப் புளோவரை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால், மின்சாரம் நின்றதும் நீர் குழாய்வழியே ஏறி இயந்திரத்துக்குள் புகுந்துவிடும். வாயை முற்றாக அடைத்து ஓட்டாதீர்கள். தூற்றும்போது மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொள்ளுங்கள்.

சங்கம் கூடும்போது

நற்செய்தியிலே, கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். அத்திவாரத்தோடு வேலை நின்றுபோனால் ஊர் சிரிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த "உட்கார்தல்" எமது சங்கங்களிலும் நடைபெற வேண்டும். உதவி வழங்க வருபவர் ஓர் இயந்திரத்தின் பெயரோடு வந்தாலும், எமது தேவையை நாமே முதலிற் சொல்ல வேண்டும். இலவசமாகக் கிடைத்ததற்கும் மின்பட்டியல் வரும்.

அடுத்த கூட்டத்தில் இவற்றைக் கரும்பலகையில் எழுதி, எல்லோரும் அறியப் பதில் எழுதுங்கள்:

1. காற்றால் செய்யப்போகும் வேலை எது? ஒன்றுக்கு மேற்பட்டதாயின், ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்.

2. அதற்கு அகலமான ஓட்டம் வேண்டுமா, நெருக்கிய அமுக்கம் வேண்டுமா? ஒரு பாருக்குக் கீழே எனின் புளோவரையும் அதற்கு மேலே எனின் கொம்பிரசரையும் நாடுங்கள்.

3. வருடத்தில் எத்தனை நாள், நாளுக்கு எத்தனை மணித்தியாலம் ஓடும்? அதற்கு எத்தனை அலகு மின்சாரம் அல்லது எத்தனை லீற்றர் டீசல் செல்லும்? வரும் வருமானம் அதைத் தாண்டுமா?

4. சில நாட்களுக்கே தேவையெனின், வாடகைக்கு எடுக்க முடியாதா?

5. யார் பொறுப்பில், யாருடைய காணியில் இருக்கும்? பழுதானால் திருத்தவும் உதிரிப்பாகம் வாங்கவும் அருகில் இடம் உண்டா?

ஐந்தாவது கேள்வியை இடம்பெயர்ந்த குடும்பங்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். குத்தகைக் காணியிற் பயிர் செய்பவர்கள், காணி அனுமதிப் பத்திரம் இன்னும் கைக்கு வராதவர்கள், சொந்த ஊர்க் காணி விடுபடக் காத்திருப்பவர்கள் ஆகியோர் சீமெந்து இட்டு நிலத்தில் நிரந்தரமாகப் பொருத்தும் இயந்திரத்தைத் தவிர்ப்பது நல்லது. சில்லுப் பூட்டிய சட்டத்தில் நிற்கும், உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றக்கூடிய இயந்திரமே அவர்களுக்கு ஏற்றது. சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளில் அதுவும் கூட வரும். அதன் கடனும் அதற்குள் கட்டி முடிந்திருக்க வேண்டும் என்பதே எமது விருப்பம்.